வரிசை பார்க்காத கணக்கு

இன்று கடையில் ஒரு சாதாரணக் கைப்பேசி வாங்கினால்கூட அட்டைப்பெட்டியில் ‘ஆக்டா கோர்’ என்று போட்டிருக்கிறது. உள்ளே எட்டுக் கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எட்டுப் பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது எப்படி என்று அட்டைப்பெட்டியில் இருக்காது. அதற்காக நாற்பது ஐம்பது வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் ஒரு சாராரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கணினி விஷயம் என்றதும் சில அன்பர்கள் பக்கத்தை மூடிவிடுவார்கள் என்று தெரியும். மூட வேண்டாம். பேரேடு எழுதியவர்களுக்கும் கல்யாணச் சமையலை நின்று பார்த்தவர்களுக்கும் இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

முதலில் கஷ்டம் எங்கே என்று பார்த்துவிடலாம். ஒரு சேமிப்புக் கணக்கில் 500 ரூபாய் இருக்கிறது. இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே நேரத்தில் அந்த இருப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் 100 வரவு வைத்து 600 என்று எழுதுகிறார். மற்றவர் மனதில் இருப்பதும் பழைய 500தான். அவர் 200 வரவு வைத்து, 600ஐ அழித்துவிட்டு 700 என்று எழுதுகிறார். வரவேண்டியது 800. நூறு ரூபாய் காற்றில் போய்விட்டது. யாரும் திருடவில்லை, இருவர் கூட்டலும் சரி. ஒரே கணினி வேலையைப் பலர் பங்கு போட்டுச் செய்யும்போது வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். இதில் இன்னொரு கொடுமை, தப்பு தினமும் வராது. ஆயிரத்தில் ஒரு நாள் வரும். ஆடிட்டர் வரும் நாளில் நிச்சயமாக வராது.

ஃபோர்ட்ரான், கோபால், சி என்று நாம் கேள்விப்பட்ட மொழிகள் எல்லாம் இந்த ‘அழித்து எழுதும்’ வகையைச் சேர்ந்தவை. ஒரு பெட்டி, அதற்கு ஒரு பெயர், அதற்குள் இருக்கும் எண்ணை மாற்றிக்கொண்டே போவது. இதற்கு மாறாக இன்னொரு குடும்பம் உண்டு. ஃபங்ஷனல் மொழிகள் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ‘சார்பு’ என்று படித்தோமே, அதே ஃபங்ஷன்தான். ஒரு எண்ணைக் கொடுத்தால் ஒரு விடை வரும். எத்தனை முறை கொடுத்தாலும் அதே விடை வரும். வேறு எதையும் அது தொடாது. பழைய பேரேட்டுக் கட்டுப்பாடு மாதிரி இங்கே அழிப்பது கிடையாது. மாற்றம் வேண்டுமென்றால் புதிய வரியில் எழுத வேண்டும்.

இதனால் என்ன லாபம்? இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடைப்பை நான் போடலாம், இரண்டாவதை நீங்கள் போடலாம். யார் முதலில் முடித்தாலும் விடை மாறாது. பிரின்ஸ்டனில் இருந்த அலோன்ஸோ சர்ச்சும் அவருடைய மாணவர் ராஸரும் 1936ல் இதைத் தேற்றமாகவே நிரூபித்துவிட்டார்கள். லாம்ப்டா கால்குலஸ் என்ற அவர்களுடைய கணித முறையில், எந்த வரிசையில் சுருக்கினாலும், விடை என்று ஒன்று வந்தால் அது ஒரே விடைதான். அன்றைக்கு மின்னணுக் கணினியே கிடையாது என்பதைக் கவனியுங்கள். வேலையைப் பிரித்துக்கொள்ளும் உரிமைப்பத்திரம், வேலைக்காரன் பிறப்பதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 1958ல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப் மொழிக்கு இதில்தான் வேர். லிஸ்ப் முழுச் சைவம் இல்லை, அழித்து எழுதவும் இடம் கொடுத்தது. இருந்தாலும் குடும்பத்துக்கு மூத்த பிள்ளை அதுதான்.

இந்த உரிமைப்பத்திரத்தை உலகம் கவனித்தது 1977ல். கவனிக்க வைத்தவர் ஜான் பேக்கஸ். ஐ.பி.எம்.மில் ஃபோர்ட்ரானை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர். 1957ல் வெளிவந்த ஃபோர்ட்ரான் விஞ்ஞானிகள் வட்டாரத்தில் கொடிகட்டிப் பறந்தது; அதற்காகவும் அவருடைய பிற பணிகளுக்காகவும் டியூரிங் விருது கொடுத்தார்கள். விருது வாங்கியவர் ஏற்புரையில் என்ன செய்ய வேண்டும்? நன்றி சொல்லிப் பழைய பெருமையைப் பேசிவிட்டு இறங்கலாம். இவரோ ஃபோர்ட்ரான் உட்பட அந்த வம்சத்து மொழிகள் எல்லாமே அடிப்படையில் தவறான பாதையில் போகின்றன என்று வாதம் செய்தார். கணக்குப் போடும் பகுதிக்கும் நினைவகத்துக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மூட்டைதான் அதில் போய்வர முடியும், நம் மொழிகளும் அந்தச் சந்துக்குத் தகுந்தபடி மனிதனை ஒவ்வொரு மூட்டையாக யோசிக்க வைத்துவிட்டன என்பது அவர் குறை. மாற்றாக அவர் காட்டியது ஃபங்ஷனல் வழி. அந்த உரை 1978 ஆகஸ்டில் அச்சில் வந்தது. தன் பெயர் சொல்லும் பிள்ளையைச் சபையில் வைத்து இப்படி விமர்சிக்க ஒரு மனசு வேண்டும்.

அதே சமயத்தில் வேறொரு திசையிலிருந்து நம் நாட்டுக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். பெயர் அர்விந்த். வெறும் அர்விந்த்தான், குடும்பப் பெயர் இல்லை. அமெரிக்காவில் ‘லாஸ்ட் நேம் என்ன?’ என்று கேட்டே உயிரை வாங்குவார்கள் என்பது பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த நமக்குத் தெரியும். எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்து அந்த ஒற்றைப் பெயரிலேயே எல்லாக் கட்டுரைகளையும் வெளியிட்டார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1969ல் படித்து முடித்தவர். பிறகு கலிஃபோர்னியாவின் இர்வைனில் கிம் கோஸ்ட்லோவுடன் சேர்ந்து ‘ஐடி’ என்ற மொழியை உருவாக்கினார். இர்வைன் டேட்டாஃப்ளோ என்பதன் சுருக்கம் அது.

டேட்டாஃப்ளோ என்பது அழகான எண்ணம். சாதாரணக் கணினியில் முதல் வரி, இரண்டாம் வரி என்று ஒரு மேஸ்திரி குச்சியால் காட்டிக்கொண்டே போவார். டேட்டாஃப்ளோவில் மேஸ்திரியே கிடையாது. ஒரு கூட்டலுக்கு வேண்டிய இரண்டு எண்களும் எப்போது வந்து சேர்கின்றனவோ அப்போது அந்தக் கூட்டல் தானே நடக்கும். தேங்காயும் வெல்லமும் வந்தாயிற்றா, பூரணம் கிளறு; அரிசி மாவு வரும்வரை கொழுக்கட்டை காத்திருக்கட்டும். எம்.ஐ.டி.யில் ஜாக் டென்னிஸ் இதை முன்பே தொடங்கியிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்த அர்விந்த், ரிஷியூர் நிகில் முதலானவர்களுடன் மேலே கொண்டுபோனார். ‘ஐ ஸ்ட்ரக்சர்’ என்று ஒன்று வைத்தார்கள். ஒரு கட்டத்தில் ஒரே முறைதான் எழுதலாம். எழுதுவதற்கு முன்பே யாராவது படிக்க வந்தால், எழுதும்வரை அவர் அங்கேயே காத்திருப்பார். மேலே சொன்ன இரண்டு குமாஸ்தா சண்டைக்கு அங்கே இடமே இல்லை.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் இந்தக் கூட்டத்துக்கு இருந்த உற்சாகத்தை அந்தக் காலக் கட்டுரைகளைப் படித்தால் உணரலாம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜான் கர்ட், இயன் வாட்சன் குழுவின் டேட்டாஃப்ளோ இயந்திரம் 1981ல் ஓடியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜான் டார்லிங்டன் குழு ‘ஆலிஸ்’ என்ற இயந்திரத்தைக் கட்டியது. யுனிவர்சிட்டி கல்லூரியில் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் ‘கிரிப்’ என்று ஒன்றைக் கட்டினார். 1982ல் ஜப்பான் தன் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தை ஆரம்பித்ததும் பிரிட்டிஷ் அரசுக்குக் கிலி பிடித்து, ஆல்வி திட்டம் என்ற பெயரில் அவர்களும் பணத்தை இறக்கினார்கள். எம்.ஐ.டி. குழு மோட்டோரோலாவுடன் சேர்ந்து ‘மான்சூன்’ இயந்திரத்தைச் செய்தது. பெயர் வைத்ததில் நம் ஊர் மண்வாசனை தெரிகிறது.

நம்பிக்கை இதுதான்: புரோகிராம் எழுதுபவர் பிரித்துக் கொடுப்பதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். கணக்கை எழுதினால் போதும். எதை எதோடு சேர்த்துச் செய்யலாம் என்று இயந்திரம் தானே பார்த்துக்கொள்ளும்.

இங்கேதான் கல்யாணச் சமையலுக்கு வருகிறேன். ஐந்நூறு பேர் சாப்பாட்டுக்கு நூறு கிலோ காய் நறுக்க வேண்டும். நூறு ஆட்கள் இருக்கிறார்கள். எந்தக் கத்திரிக்காயை யார் நறுக்கினாலும் கூட்டு ஒன்றுதான். சர்ச், ராஸர் தேற்றம் செல்லுபடியாகும். ஆனால் தலைமைச் சமையல்காரர் ஆளுக்கு ஒரு பீன்ஸாக எடுத்துக் கொடுத்து, நறுக்கியதை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தால்? நறுக்கும் நேரத்தைவிடக் கொடுத்து வாங்கும் நேரம் அதிகம். அவர் ஒருவரே உட்கார்ந்து நறுக்கியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஃபங்ஷனல் புரோகிராமில் நடந்தது அதுதான். பிரிக்க இடம் போதவில்லை என்று யாரும் குறைப்படவில்லை, மிதமிஞ்சி இருந்தது. ஒவ்வொரு கூட்டலும் தனியாகச் செய்யத் தயார். டேட்டாஃப்ளோ இயந்திரங்களில், துணை எண் வரட்டும் என்று பாதியில் காத்திருக்கும் வேலைகள் பெருகி நினைவகமே நிரம்பிவிடும். கடைசியில், ‘இத்தனைக்கு மேல் ஒரே நேரத்தில் ஆரம்பிக்காதே’ என்று கடிவாளம் போடும் முறைகளை மான்செஸ்டரிலும் எம்.ஐ.டி.யிலும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இணையாக ஓடவைக்கப் பிறந்த இயந்திரத்துக்கு அதிகமாக ஓடாதே என்று கட்டுப்பாடு!

இன்னொரு பகை வெளியே இருந்தது. அதன் பெயர் சாதாரண மைக்ரோபிராசசர். 1985ல் இன்டெல் 386 வந்தபோது அதன் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். 2000த்தின் கடைசியில் பென்டியம் 4 வந்தபோது 1,500 மெகாஹெர்ட்ஸ். ஒரு பல்கலைக்கழகக் குழு நான்கு வருடம் உழைத்து ஒரு சிறப்பு இயந்திரத்தைக் கட்டி முடிக்கும்போது, கடையில் விற்கும் பெட்டி அதற்குள் பல மடங்கு வேகமாகியிருக்கும். பொறுமையாகக் காத்திருந்தாலே போதும், பழைய புரோகிராம் தானே வேகமாக ஓடும் என்றால், யார் புது மொழி கற்றுக்கொள்வார்கள்?

சிசால் என்ற மொழியின் கதை இன்னும் வருத்தமானது. அறிவியல் கணக்குகளுக்காக 1983ல் வந்த இது, ஒரு பெயருக்கு ஒரே முறை மதிப்பு என்ற கட்டுப்பாடு உடையது. லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் கேன், சிசால் புரோகிராம்கள் ஃபோர்ட்ரானுக்கு இணையான வேகத்தில் ஓடுகின்றன என்று காட்டி, ஃபோர்ட்ரானுக்கு ஓய்வு கொடுக்கலாமா என்ற தலைப்பிலேயே 1992ல் கட்டுரை எழுதினார். ஓய்வு பெற்றது சிசால். ஃபோர்ட்ரான் இன்றும் பணியில் இருக்கிறது, நம்மில் சிலரைப் போல எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் வாங்கிக்கொண்டு.

எனக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாட உரிமை உள்ள பகுதி அடுத்தது. தொலைபேசித் துறையில் இருந்தவர்களுக்கு எர்லாங் என்பது அளவுகோல். ஒரு சர்க்யூட் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் ஒரு எர்லாங். பிஸி ஹவரில் எத்தனை எர்லாங் வருகிறது என்று கணக்கெடுத்துத்தான் ஜங்ஷன் எத்தனை வேண்டும் என்று முடிவு செய்வோம். நானும் வருடக்கணக்கில் அந்த அட்டவணைகளோடு குடித்தனம் நடத்தியவன். டென்மார்க் கணித மேதை ஏ.கே. எர்லாங்கின் பெயர் அது. அதே பெயரில் ஒரு கணினி மொழி இருக்கிறது என்று பிற்பாடு அறிந்தபோது பழைய சிநேகிதரைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது.

சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986ல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் ஆரம்பித்து, ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் சேர்ந்து வளர்த்த மொழி. அவர்களுக்குத் தத்துவக் கவலை எதுவும் இல்லை; எக்ஸ்சேஞ்ச் விழக்கூடாது, அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆயிரக்கணக்கான பேச்சுகள் ஒரே நேரத்தில் நடக்கும், ஒன்றில் கோளாறு வந்தால் மற்றவற்றைத் தொடக்கூடாது. எர்லாங்கில் அதற்கேற்ப மிகச் சிறிய தனித்தனி வேலைகளாகப் பிரித்தார்கள். ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று பார்க்கவே முடியாது. கடிதம் போட்டுத்தான் பேச வேண்டும். ஒன்று விழுந்தால் விழட்டும், மேற்பார்வை பார்க்கும் இன்னொன்று அதை மறுபடி எழுப்பும். இங்கே எங்கே வெட்டுவது என்ற கேள்வியே எழவில்லை பாருங்கள். பேச்சுகள் பிறக்கும்போதே தனித்தனி. லண்டனிலும் எம்.ஐ.டி.யிலும் எளிதில் பிடிபடாத அளவு, தொலைபேசிக்காரர்களுக்குத் தொழிலே கொடுத்துவிட்டது.

1998ல் எரிக்சனின் ஏ.எக்ஸ்.டி. 301 ஸ்விட்ச் பத்து லட்சம் வரிகளுக்கு மேல் எர்லாங்கில் எழுதப்பட்டு வெளிவந்தது. அதே வருடம், எரிக்சன் ரேடியோ பிரிவு புதிய தயாரிப்புகளில் எர்லாங் கூடாது என்று தடை போட்டது! உலகம் பயன்படுத்தும் மொழிகளோடு போவோம் என்பது காரணம். தடையின் பலனாக அந்த டிசம்பரில் மொழியை இலவசமாகப் பொதுவில் விட்டார்கள். அதை எடுத்துக்கொண்டவர்களில் வாட்ஸ்ஆப்காரர்களும் உண்டு. 2012ல் ஒரே சர்வரில் இருபது லட்சம் இணைப்புகளுக்கு மேல் தாங்கியதாக அவர்களே எழுதினார்கள். தினமும் காலையில் நீங்கள் அனுப்பும் முருகன் படமும் குட்மார்னிங்கும் போகும் பாதையில் எக்ஸ்சேஞ்சுக்காகப் பிறந்த ஒரு மொழிக்குப் பங்கு உண்டு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் இந்த ஆயிரம் வேலைகளையும் ஒரே பிராசசர்தான் மாற்றி மாற்றிச் செய்தது. ஒரே சப்ளையர் எல்லாப் பந்திகளுக்கும் ஓடுவது போல. 2006ல்தான் பல பிராசசர்களில் நிஜமாகவே ஒரே நேரத்தில் ஓடும் எர்லாங் வந்தது. பழைய புரோகிராம்கள் பெரும்பாலும் மாற்றமில்லாமலே அதில் ஓடின. அழித்து எழுதாத ஒழுக்கத்துக்கு வட்டியோடு கிடைத்த பலன்.

ஏன் 2006? சூடு. 2004ல் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ வெளியிடும் திட்டத்தையே கைவிட்டது. வேகத்தை இன்னும் ஏற்றினால் சிப்பைக் குளிர வைக்க முடியாத நிலை. அடுத்த வருடம் ஒரே சிப்பில் இரண்டு கோர் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். காத்திருந்தால் வேகம் வரும் என்ற காலம் முடிந்தது. இருபது வருடமாக ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்களைத் தேடி ஆள் வந்தது.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. 1987ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் கூடிப் பேசி, ஆளுக்கொரு மொழி வைத்துக்கொண்டிருந்தவர்கள் பொதுவாக ஹாஸ்கெல் என்ற மொழியை உருவாக்கியிருந்தார்கள். ஹாஸ்கெல் கறி என்ற கணித அறிஞரின் பெயர்; நம் கறி அல்ல. அதில் ‘தானியங்கி’ என்ற பழைய ஆசையை ஒதுக்கிவிட்டு ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். புரோகிராம் எழுதுபவர் ஓர் இடத்தில் ‘பார்’ என்று குறிப்பு எழுதுவார். ‘இதை வேறு யாராவது கை சும்மா இருந்தால் செய்யலாம்’ என்று அர்த்தம். கட்டளை இல்லை, யோசனை மட்டுமே. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் விடை மாறாது. என்ன கணக்கு என்பதை ஒரு பக்கமும், எப்படிப் பிரிப்பது என்பதை இன்னொரு பக்கமும் தனித்தனியாக எழுதும் முறையை டிரிண்டர், ஹாமண்ட், லாய்டல், பெய்ட்டன் ஜோன்ஸ் 1998ல் கொடுத்தார்கள். என் பார்வையில் இந்தச் சரித்திரத்தில் மிகவும் நியாயமான திருப்பம் அதுதான். எந்த அளவில் வெட்டுவது என்பதை மனிதனே முடிவு செய்யட்டும், வெட்டினால் விடை கெடாது என்ற உத்தரவாதத்தை மொழி கொடுக்கட்டும்.

கூகுளில் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004ல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் அதே சமரசத்தின் ராட்சச வடிவம். லிஸ்ப் முதலான ஃபங்ஷனல் மொழிகளிலிருந்து எடுத்த எண்ணம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தேர்தல் பணிக்குப் போனவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியாக ஓட்டு எண்ணுவது மேப். மேசைக் கணக்குகளைக் கூட்டுவது ரெட்யூஸ். ஒரு மேசையில் குழப்பம் என்றால் அந்த மேசையை மட்டும் திரும்ப எண்ணலாம். மலிவான இயந்திரங்கள் நடுவில் பழுதானால் அந்தத் துண்டை மட்டும் வேறு இயந்திரத்திடம் கொடுப்பார்கள். ஃபங்ஷன் என்பதால் அதே விடைதான் வரும். ஏறக்குறைய 1,800 இயந்திரங்களை வைத்து, ஒவ்வொன்றும் 100 பைட் கொண்ட ஆயிரம் கோடிப் பதிவுகளை 891 வினாடிகளில் வரிசைப்படுத்திக் காட்டினார்கள். கால் மணி நேரத்துக்கும் குறைவு.

இத்தனைக்கும் பிறகு ஒரு பழைய கடன் பாக்கி இருந்தது: குப்பை. அழித்து எழுதாமல் புதிது புதிதாக எழுதினால் வேண்டாத காகிதம் மலையாகச் சேரும். அதைக் கூட்டி அள்ளும் வேலை மொழியின் பொறுப்பு. ஒருவர் மட்டும் வேலை செய்யும் அறையில் அவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லிவிட்டுப் பெருக்கலாம். எட்டுப் பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது எப்படிப் பெருக்குவது? பிரான்ஸில் பிறந்த ஓகேமல் என்ற அருமையான மொழி இதற்காகவே வெகுகாலம் ஒரே பூட்டு வைத்திருந்தது. எட்டு கோர் இருந்தாலும் ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஓகேமல் வேலை செய்யலாம். இதை மாற்றும் முயற்சி கேம்பிரிட்ஜில் தொடங்கியது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியரான கே.சி. சிவராமகிருஷ்ணன். பல கோர்களில் ஓட வைப்பதைவிட, ஒரே கோரில் ஓடும் கோடிக்கணக்கான பழைய வரிகள் மெதுவாகிவிடக்கூடாது என்பதுதான் பெரிய தலைவலி. குடியிருப்பவர்களைக் கிளப்பாமல் அஸ்திவாரத்தை மாற்றும் வேலை. 2020ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சிறப்புப் பரிசு பெற்றது. 2022 டிசம்பரில் ஓகேமல் 5.0 வந்தது.

அர்விந்த் என்ன ஆனார்? மான்சூன் சில இயந்திரங்களோடு நின்றது. அவர் கையை உதறிவிட்டுப் போகவில்லை. மேஸ்திரி இல்லாமல் எல்லாம் தானே நடக்கும் இடம் வேறு ஒன்று இருக்கிறது, சிப்பின் உள்ளே. அங்கே எல்லாக் கம்பிகளும் எப்போதும் ஒரே சமயத்தில் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. சிப் வடிவமைப்பை விதிகளாக எழுதும் புளூஸ்பெக் மொழிக்காக 2003ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். நிகிலும் அதில் சேர்ந்தார். அந்த மொழியின் வம்சாவளியில் ஹாஸ்கெல் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி தலைமையில் ‘சக்தி’ பிராசசரை வடிவமைத்தவர்கள் அதை எழுதியது புளூஸ்பெக்கில்தான். 2018ல் அந்த வடிவமைப்பு சண்டிகர் ஆலையில் சிப்பாகவும் வந்தது. அர்விந்த் 2024 ஜூனில், 77ஆம் வயதில், காலமானார். கடைசி வரை எம்.ஐ.டி.யில் பேராசிரியர்.